மஃப்ளர் அங்கிளும் எங்கள் போகியும்

ஏப்ரல் மாத வெயிலில் கழுத்தில் மஃப்ளர், கையில் கிளவுஸ், முழங்கால் வரை சாக்ஸ் என்று நடமாடிய மனிதர் மைசூரிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் கூண்டேறிச் சொல்வேன்.

பெயர் என்று ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மஃப்ளர் அங்கிள். ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் செய்பவர். சொந்த ஊர் மார்டள்ளிப் பக்கம், சந்தனக் கடத்தல்காரர்கள் திரியும் எல்லையோர மலைக்காடு. மலையோரத்து ஆள், முகத்தை மூடிக்கொண்டு திரிகிறார், போதாதா? போலீஸ் தேடும் ஆள் என்று பாதித் தெரு சொன்னது. கல்யாணத்துக்குப் பயந்து ஓடி வந்தவர் என்று மீதித் தெரு சொன்னது. என் அம்மா இரண்டையும் நம்பினாள்.

அவர் கடையும் வீடும் ஒன்றுதான்; அது பூங்காவுக்கு நேர் எதிரே இருந்தது. திறக்கும் நேரம், மூடும் நேரம் எல்லாம் கிடையாது. ஜன்னல் கம்பியில் அறுந்த கேசட் நாடா ஒன்றைக் கட்டியிருப்பார். பூங்காப் பக்கமிருந்து காற்றடித்து நாடா உள்ளே பறந்தால் கடை மூடிவிடும். வெளியே பறந்தால் திறக்கும். ரேடியோவைக் கொடுத்துவிட்டு என் அப்பா காற்றுத் திரும்புவதற்காக நாலு நாள் காத்திருந்தார்.

"ரேடியோக் கடையா, பாய்மரக் கப்பலாங்க இது?" என்று அப்பா கத்தினார்.

"காத்து மாறட்டுங்க," என்று கதவிடுக்கு வழியாகப் பதில் வந்தது.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் தெரிந்தது, எங்கள் பள்ளியில் சிரமதானம் அறிவித்தபோதுதான். அது தொண்ணூறுகளின் தொடக்கம். பூங்கா முழுக்கப் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து, உச்சியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஊஞ்சல் இருந்த இடமே தெரியவில்லை. சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் போய்ப் பிடுங்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் உத்தரவு போட்டார்.

முதல் சனிக்கிழமை, வேலியோரம் வரிசையில் நின்ற எங்களிடம் மஃப்ளர் அங்கிள் வந்தார். நாங்கள் சிரிக்கத் தயாரானோம். அவர் மெதுவாக மஃப்ளரை அவிழ்த்தார். கழுத்துத் தோல் தடித்து, சிவந்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"இந்தச் செடி எனக்கு ஆவாது கண்ணுகளா. பூத்தூள் பட்டா தோலு இப்படி ஆயிருது, மூச்சும் அடைச்சுக்குது. ஊர மாத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்தக் கடைய உட்டுப்போட்டு நான் எங்க போறது? கையில கவர் மாட்டிக்கிட்டு வேரோட புடுங்குங்க."

பால் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு இறங்கினோம். அவர் உள்ளே போய்க் கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் கடைக் கூரையிலிருந்த ஒலிபெருக்கி அலறியது.

"மூணாவது வரிச, ரெட்டச் சட! தலைய மட்டும் கிள்ளாத, வேரு அங்கயே நிக்குது!"

ரெட்டைச் சடை நான்தான். பாதி மைசூருக்குக் கேட்டிருக்கும். கன்னடப் பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் தனி அர்ச்சனை நடந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை ஊஞ்சல் வெளியே தெரிந்தது. பிடுங்கியதையெல்லாம் ஒரு மூலையில் குவித்தோம். குழி வெட்டிப் புதைப்பது பத்தாம் வகுப்பு அண்ணன்களின் பொறுப்பு. அவர்களுக்குப் பரீட்சை வந்ததில் குழி வரவில்லை. செடிகள் காய்ந்து சருகாயின.

அப்புறம் போகி வந்தது. எங்கள் வரிசையில் பத்துத் தமிழ் வீடுகள். எல்லாம் கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் வந்த குடும்பங்கள். பழையதைக் கொளுத்துவது வழக்கம்தான். ஆனால் இருந்த பழைய பாயில்தான் நாங்கள் படுத்துக்கொண்டிருந்தோம், எதைக் கொளுத்துவது? நான்தான் யோசனை சொன்னேன்.

"பார்க்குல அவ்ளோ குவிஞ்சு கெடக்கே! அங்கிளோட எதிரியவே எரிச்சிடலாம்டா!"

பண்டிகைக்கு அவருக்கு நாங்கள் தரும் பரிசு என்றே நினைத்தோம். பொழுது விடியும்போது கொளுத்தினோம். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு போய் அவர் ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தினேன்: "அங்கிள், எல்லாம் போச்சு! வந்து பாருங்க!"

ஜன்னல் திறந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. புகை மொத்தமும் உள்ளே போனது.

ஒலிபெருக்கியில் "அணை..." என்று ஒரு சொல் கேட்டது. அதற்குப் பிறகு இழுப்புச் சத்தம் மட்டும்தான். ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிப்பதைத் தெருவே நின்று கேட்டது. அப்பா கதவை உடைத்து அவரைத் தூக்கி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். அவர் செத்துப்போனால் கொன்றது நான்தான் என்று பொங்கலன்று முழுக்கச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அம்மா ஊட்ட வந்த பொங்கலைத் தள்ளிவிட்டேன்.

பத்தாம் நாள் முகம் வீங்கி, கண் இடுங்கித் திரும்பி வந்தார். அன்றைக்குத்தான் ஹெட்மாஸ்டர் எங்களைப் பூங்கா வாசலில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். தீ வைத்த பிள்ளையைப் பள்ளியை விட்டே அனுப்பப் போவதாகவும், சிரமதானம் இன்றோடு சரி என்றும் கன்னடத்தில் கர்ஜித்தார். ஒப்புக்கொண்டுவிடலாம் என்று ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தேன்.

"நானே ஹேளித்து சார்," என்று பின்னாலிருந்து கரகரத்த குரல் வந்தது. தானே கொளுத்தச் சொன்னதாக மஃப்ளர் அங்கிள் சொன்னார்.

ஹெட்மாஸ்டர் கால் மணி நேரம் அவரைத் திட்டித் தீர்த்தார். பெரிய மனுஷனா நீ, சொந்த உயிர்மேல் அக்கறை வேண்டாமா என்று கேட்டார். குற்றவாளிபோல் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார் அந்த மனிதர். கடைசியில், பிள்ளைகள்மேல் தப்பில்லை, வேலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஹெட்மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

எல்லோரும் போன பிறகு அழுதுகொண்டே கேட்டேன். "ஏன் அங்கிள் பொய் சொன்னீங்க?"

"அப்பறம்? உன்னையத் தொரத்திட்டா அந்தக் கெழக்கு மூலைய யாரு புடுங்கறது? மழ வந்தா மறுபடி மொளைக்கும்ல. அழுகாத, போய் மூக்கத் தொடச்சுட்டு வா."

மழை வந்தது, செடியும் முளைத்தது. பூ விடுவதற்கு முன்பே பிடுங்கி, எங்கள் கையாலேயே குழி வெட்டிப் புதைத்தோம். அவர் ஊர் மாறவில்லை. பள்ளியில் சிரமதானம் நின்று, ஹெட்மாஸ்டரும் மாற்றலாகிப் போனார். கல்யாணமாகிச் சென்னைக்கு வரும்வரை மழைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. அந்த மனிதர் நன்றாக மூச்சு விட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.