ஆட்டுக்கொட்டிலில் ஒரு வைஃபை

"அப்பா, வீடியோ சும்மா சுத்திக்கொண்டே நிக்குது!"

தென்னங்காணியின் கடைசி மூலையிலிருந்த தனியறை வாசலில் நின்று தர்ஷனா கத்தினாள். அப்பா குசினியில் கதைத்தால் கொழும்பிலிருக்கிற மனேச்சருக்கே கேட்கிறது என்றுதான் அவ்வளவு தூரம் குடிபோயிருந்தாள். நாலு மணிக்கு மனேச்சர் வீடியோவில் வருவார். படம் ஒழுங்காக வந்தால் நிலாவெளியில் இருந்தே வேலை. வராவிட்டால் நாளைக்கே கொழும்பு பஸ்.

மகளை அனுப்பச் சிறிலுக்கு மனமில்லை. டவுனுக்கு ஓடி, சிக்னலை நீட்டிவிடும் பெட்டியொன்றை வாங்கிவந்து, ஆட்டுக்கொட்டில் கூரையில் கட்டினார். புதுப் பெட்டிக்குப் புது பாஸ்வேர்ட். நின்ற இடத்திலிருந்தே மகளுக்குச் சொன்னார்.

"ரோசி ஒண்டு ரெண்டு மூண்டு! இங்கிலீசில! எல்லாம் சின்ன எழுத்து!"

தென்னையிலிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன.

"வந்திட்டுது அப்பா! ஐயோ, போயிட்டுது!"

"ஆடு மறைக்குது போல" என்றாள் தாய் மரியமலர்.

சிறில் ரோசி ஆட்டைத் துரத்தினார். ரோசி போகிற போக்கில் வயரைக் கடித்துவிட்டுப் போனாள். புது வயர் போட்டால், பெட்டிக்குப் பழையதெல்லாம் மறந்துபோயிருந்தது. திரும்பவும் புது பாஸ்வேர்ட்.

"ரோசி கள்ளி! பின்னால ஒம்பது!"

"அப்பா, முதல் சுத்தவாவது செய்தது. இப்ப அதுவுமில்லை!"

"பின்னால தாச்சி வைச்சா சிக்னல் முன்னுக்குப் பாயுமாம்." சிறில் குசினிக்குள் ஓடினார்.

"அது மீன் பொரிக்கிற தாச்சி! இரவைக்கு உங்கட தலையிலயா பொரிக்கிறது?" மரியமலர் பின்னால் ஓடினாள்.

தாச்சி கூரையேறியது. ஏறும்போது பெட்டியைத் தட்டிவிட, அது திரும்பவும் எல்லாவற்றையும் மறந்தது. நாலடிக்க ஐந்து நிமிடம். கடற்காற்று தனியறைப் பக்கமாக ஓங்கி வீச, சிறில் நெஞ்சு நிறைய மூச்செடுத்தார்.

"ரோசி... தாச்சி... ஏழு!"

தூரத்தில் தனியறைக் கதவு சாத்தப்பட்டது. சிறில் கூரையிலேயே சிலுவை போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்.

நாலரைக்குத் தர்ஷனா துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா, கண்ணாடி மாதிரிப் படம்! இஞ்ச இருந்தே செய்யட்டாம்!"

"பாத்தியா மரியம், தாச்சி!" சிறிலுக்குக் கண் கலங்கியது.

அப்போது வேலிக்கு மேலால், கையில் போனோடு, பக்கத்து வளவுச் சுஹைராவின் தலை எட்டிப்பார்த்தது.

"சிறிலண்ணன், இந்தமுறை பாஸ்வேர்டைக் காத்து அள்ளிக்கொண்டு போயிட்டுது, ரோசிக்குப் பிறகு ஒண்டும் விளங்கல்ல, ஒழுங்கையில எல்லா வீட்டிலயும் படம் பாதியில நிக்குது, இன்னொருக்காக் கத்துங்கோ!"