நாள்கணக்கு ரைட்டரும் காபித்தோல் பெட்டியும்

ஒரு மசால் தோசை எத்தனை நாள் நீளம் என்று இந்த உலகத்தில் சரியாகத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் எஸ்டேட் ரைட்டர்தான். இரண்டரை நாள். காபி சேர்த்துச் சாப்பிட்டால் மூன்றேகால்.

அவர் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை அங்கே தவிர வேறெங்கும் யாரும் பயன்படுத்தியதில்லை. மஞ்சக்குட்டை ரோட்டில் எவரை நிறுத்திக் கேட்டாலும் ‘நாள்கணக்கு ரைட்டர்’ என்றால்தான் வழி சொல்வார்கள். காபித் தோட்டத்தில் ஆள் வரவையும் கூலியையும் எழுதுகிற குமாஸ்தாவுக்கு ரைட்டர் என்று பெயர். நான் சேலத்திலிருந்து மலைமேல் இருக்கும் அந்த எஸ்டேட் ஆபீசுக்கு அக்கவுண்டன்டாகப் போனபோது எனக்கு எதிர் மேஜை அவருடையது.

முதல் நாள், புதிதாக வந்தவள் என்ற முறையில் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள். ரைட்டர் போண்டாவைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, “ஏனுங்க மேடம், இப்ப நீங்க செலவு பண்ணுனது ஆறரை நாளுங்க” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபீஸ் டிரைவர்தான் விளக்கினார். ரைட்டர் இருபது வருடத் தவணையில் வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டியிருக்கிறார். எந்தச் செலவைத் தவிர்த்தாலும் அந்தப் பணத்தைக் கடனில் முன்கூட்டியே கட்டிவிடுவார். கட்டினால் கடன் எத்தனை நாள் முன்னதாக முடியும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவருக்கு ரூபாய் என்று எதுவும் கிடையாது. எல்லாமே நாள்.

கணக்குப் படித்தவள் என்கிற திமிரில், மதிய இடைவேளையில் அவரிடம் வட்டி விகிதத்தைக் கேட்டு நானே போட்டுப் பார்த்தேன். ஆறரை நாள்தான் வந்தது. அன்றைக்குப் பிடித்த ஆர்வம் எனக்கு அப்புறம் விடவேயில்லை.

இப்படிக் கையை இறுக்குகிற மனிதரின் வீட்டில் சமையல் எப்படியிருக்கும் என்று நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். ஆனால் கடன் வாங்கிய மாதமே அவர் மனைவி ஸ்டெல்லா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஸ்டெல்லா அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எதைக் குறைத்தாலும் ருசியைக் குறைக்கக் கூடாது, அந்த வித்தை தனக்குத் தெரியாது, ஆகவே இனிமேல் ரைட்டரேதான் சமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தட்டை அவர் பாதியில் ஒதுக்கி வைத்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு அழைத்துப்போய் பிரியாணி வாங்கித் தர வேண்டும். பஸ் செலவோடு சேர்த்து அது பதினோரு நாள்.

பதினோரு நாள் பயத்தில் ஒரு மனிதர் எவ்வளவு நன்றாகச் சமைப்பார் என்பதை நான் அவருடைய டிபன் டப்பாவில் கண்டேன். பலாக்கொட்டை மாவில் அடை. சௌசௌத் தோலில் துவையல். கொள்ளு வெந்த தண்ணீரில் ரசம். ஒருநாள் புளிக்குழம்பில் லேசான கசப்பும் நல்ல வாசனையுமாக ஏதோ மிதந்தது. மூன்று பேர் ருசி பார்த்து மூன்று காய்களின் பெயரைச் சொன்னோம். ஆரஞ்சுப் பழத்தோல். பழத்தை யார் சாப்பிட்டது என்று டிரைவர் கேட்டார். போன வாரம் நம்ம மானேஜர் சாப்பிட்டாரே, அதுதான் என்றார் ரைட்டர்.

அவர் தோற்றதும் உண்டு. பலாச்சுளையைச் சுற்றியிருக்கும் நார் நாராக ஒரு சடை இருக்கிறதே, எல்லோரும் குப்பையில் போடுவது, அதை அரைத்து வடை தட்டினார். ஸ்டெல்லா ஒரு கடி கடித்தாராம். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய், வெளியூருக்குக் கட்டுகிற புடவையை எடுத்து வெயிலில் போட்டாராம்.

ஆனால் அவருடைய பெரிய சாதனை பெட்டிதான். காபிக்கொட்டையை உரித்த பிறகு மிஞ்சுகிற தோல் எங்கள் எஸ்டேட்டில் மலைமலையாகக் கிடக்கும். அதைக் காயவைத்து ஒரு பழைய ஆரஞ்சுப் பெட்டியில் நிரப்பி, நடுவில் பாத்திரம் உட்காரும் அளவுக்குக் குழி செய்திருந்தார். காலையில் அரிசியை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடியோடு அந்தக் குழியில் இறக்கி, மேலே பழைய கம்பளியைத் திணித்துப் பெட்டியை மூடிவிடுவார். சூடு வெளியே போகாது. அடுப்பு இல்லாமலே மதியத்துக்குள் சோறு வெந்துவிடும். காஸ் மிச்சம்.

மஞ்சக்குட்டையிலிருந்து ஷேர் ஜீப்பில் அந்தப் பெட்டி தினமும் அவரோடு ஆபீஸ் வந்தது. ஒருமுறை நானும் அதே ஜீப்பில் இருந்தேன். கூட்டத்தில் இடமில்லாமல் கரடியூர்க்காரர் ஒருவர் பெட்டியின்மேல் உட்காரப் போனார். “அதுமேல உக்காராதீங்க, சோறு வெந்துட்டு இருக்குதுங்க” என்றார் ரைட்டர், மிகவும் மரியாதையாக. அந்த மனிதர் குனிந்து பெட்டிக்கு அடியில் நெருப்பைத் தேடினார். பிறகு ரைட்டரின் முகத்தைப் பார்த்தார். அடுத்த வளைவில் இறங்கிக்கொண்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல என்று ஜீப் டிரைவர் பிறகு சொன்னார்.

மாதம் ஒருமுறை, மிச்சம் பிடித்ததை எடுத்துக்கொண்டு சேலத்து வங்கிக்கு இறங்குவார். கட்டி முடித்ததும், இதனால் எத்தனை நாள் குறைந்தது என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு வங்கியில் படிவம் இல்லை. ஒரு அதிகாரி பொறுமையிழந்து, இவ்வளவு சின்னத் தொகையை மாதாமாதம் கொண்டுவருவதற்குப் பதில் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். “வருஷம் முழுக்க எங்கிட்ட இருந்தா அது பிரியாணி ஆயிருமுங்க சார்” என்றிருக்கிறார் ரைட்டர்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் இல்லை. இருபது வருடத்தில் ஆர அமரக் கட்டலாமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று போனேன். வெளிச்சுவர் பூசாமல் செங்கல் தெரிந்தது. உள்ளே சமையலறை மட்டும் மாளிகைபோல் இருந்தது. ரைட்டர் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவர் சொன்னார். ரைட்டரின் அப்பா வேறொரு எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். வேலையாட்களுக்குத் தோட்டம் வரிசையாகக் கட்டிக்கொடுக்கிற லயன் வீட்டில்தான் குடும்பம். அப்பாவுக்கு வேலை முடிந்ததும் ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆட்டுக்கல்லைச் சாக்கில் கட்டி இழுத்துக்கொண்டு அந்த ஒரு வருடத்தில் மூன்று இடம் மாறினார்கள். கடைசியாக ஒரு உறவுக்காரர் வீட்டில், அவர்கள் சமைத்து முடித்து அடுப்பு காலியான பிறகுதான் இவர்கள் உலை வைக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு இவர் பாதி நாள் சாப்பிடாமலே போயிருக்கிறார். “பத்திரம் பேங்க்ல இருக்கற வரைக்கும் இதுவும் லயன் ஊடுதான்னு சொல்லுவாருங்க” என்றார் ஸ்டெல்லா.

ரசம் வந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கடன் முடிகிற தேதி ஆபீசில் எல்லோருக்கும் மனப்பாடம். காலண்டரில் ரைட்டர் வட்டம் போட்டிருப்பார். வட்டம் வருடா வருடம் முன்னால் நகரும். டிரைவர் அதை வைத்துப் பந்தயம்கூடக் கட்டியிருந்தார். இன்னும் ஒன்றரை வருடம்தான் பாக்கி என்ற நிலையில் செல்லியம்மாவின் விஷயம் வந்தது.

செல்லியம்மா எங்கள் எஸ்டேட்டில் காபிப்பழம் பறித்தவர். அவரும் அவர் வாயும் ஓய்ந்ததே கிடையாது. அவருக்கு ஓய்வு வயது வந்தது. புருஷன் இல்லை. மகன் திருப்பூரில் நாலு பேரோடு ஒரே அறையில் இருந்தான். அவருடைய லயன் வீட்டுக்கு இன்னொரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் கைக்குழந்தை. பத்து நாளில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் தயார் செய்யும்படி மானேஜர் ரைட்டரிடம் சொன்னார்.

நாலு வரிக் கடிதம். ரைட்டர் அதைக் காலை முழுவதும் டைப் செய்தார். மானேஜரிடம் போய் மூன்று மாதம் அவகாசம் கேட்டார். மேலிடத்து உத்தரவு, தன் கையில் இல்லை என்று மானேஜர் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அன்றைக்கு மதியம் பெட்டியை ரைட்டர் திறக்கவேயில்லை. கடிதத்தைப் பியூனிடம் கொடுத்தனுப்பாமல் தானே எடுத்துக்கொண்டு லயனுக்கு நடந்தார்.

பத்தாம் நாள் அவர் லீவு போட்டார். எட்டு வருடத்தில் அது மூன்றாவது லீவு. மறுநாள் ஜீப் டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு கோழி, ஒரு மூட்டைப் பாத்திரம், செல்லியம்மா எல்லாம் ரைட்டர் வீட்டு வாசலில் இறங்கினவாம். முன்னறையை ஸ்டெல்லா முதல்நாளே ஒழித்து வைத்திருந்தாராம்.

அடுத்து என்ன ஆகுமோ என்று நாங்கள் காத்திருந்தோம். நடந்தது வேறு. முதல் நாளே செல்லியம்மா பெட்டிச் சோற்றைச் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார். “நெருப்பே பாக்காதது சோறா சாமி? அது ஊறுன அரிசி” என்றார். கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டினார், காற்றில் விழுந்த சில்வர் ஓக் சுள்ளிகளைப் பொறுக்கினார், சமைத்தார். காபிச்செடி வரிசைக்குள் முளைக்கிற கீரையெல்லாம் அவருக்குப் பெயரோடு தெரியும். மழை பெய்த மறுநாள் முந்தானை நிறையக் காளான் கொண்டுவருவார். ரைட்டர் முகம் வாடி ஆபீசுக்கு வந்தார். கொள்ளு ரசத்தில் கொள்ளைச் சரியாக வறுப்பதில்லை என்று செல்லியம்மா சொல்லிவிட்டாராம். “அதுகூடப் பரவாயில்லீங்க மேடம். இவளும் ஆமாங்கறா” என்றார். இவள் என்றது ஸ்டெல்லாவை.

காஸ் மிச்சமானது உண்மை. ஆனால் செல்லியம்மாவுக்கு நல்லெண்ணெய் இல்லாமல் எதுவும் இறங்காது. முழங்கால் வலிக்கு மாதாமாதம் மாத்திரை. கண்ணில் புரை எடுக்கச் சேலத்துக்கு நாலைந்து முறை பஸ். வங்கிக்குப் போகிற ரைட்டர் சில மாதங்கள் போகவில்லை. காலண்டரில் வட்டம் போட்ட தேதி வந்தது. நாங்கள் எல்லோரும் எங்கள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஆயிற்று. தேதி போய்விட்டது. டிரைவர் பந்தயப் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

எனக்குத்தான் வாய் நிற்காது. சில நாள் கழித்து, ஆபீசில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, செல்லியம்மா மொத்தம் எத்தனை நாள் என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனே வெட்கமாக இருந்தது.

ரைட்டர் கோபிக்கவில்லை. பேனாவை மூடிவைத்தார்.

“அத எழுதலீங்க மேடம்” என்றார். பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “எழுதுனா அந்தம்மா ஒரு செலவாயிருவாங்கங்க” என்றார்.

தோசையிலிருந்து தலைவலி மாத்திரை வரை எல்லாவற்றையும் நாளாக மாற்றிய மனிதர். நான் அதற்குப் பிறகு அவரை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் மறுவாரமே நூல்கோல் இலையில் பொரியல் செய்து, அதற்கு நாங்கள் மூன்று பேரும் மதிப்பெண் போட வேண்டும் என்று உட்காரவைத்தார்.

செல்லியம்மாவின் மகன் திருப்பூரில் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்து, வந்து அழைத்துப்போனான். எஸ்டேட்டே நின்று வழியனுப்பியது. மூன்றாவது வாரம் அதே டிரங்குப் பெட்டியோடு செல்லியம்மா குப்பனூர் வழி பஸ்ஸில் திரும்பி வந்தார். அங்கே தண்ணீர் சரியில்லை, பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று காரணம் சொன்னார். மகன் மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். வரும்போதெல்லாம் நல்லெண்ணெய் வாங்கி வருகிறான்.

கடன் முடிந்தது. வட்டம் போட்ட தேதியைத் தாண்டி ஏழோ எட்டோ மாதம். நான் எண்ணவில்லை. வங்கியிலிருந்து பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்தவர் அதை ஆபீசில் யாரிடமும் காட்டவில்லை. நேராக வீட்டுக்குப் போய் மூன்று பேருமாக உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார்களாம். ஸ்டெல்லா வாசிக்க, கிழக்கே இவ்வளவு அடி, மேற்கே இவ்வளவு அடி என்று வரும்போதெல்லாம் செல்லியம்மா எழுந்து போய் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்தாராம்.

இப்போது நான் சேலத்தில் வேறு வேலையில் இருக்கிறேன். வெயில் தாங்காத வாரங்களில் மலையேறிவிடுவேன். அறை எதுவும் எடுப்பதில்லை, ரைட்டர் வீடுதான். வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை. ரைட்டரும் செல்லியம்மாவும் ஆளுக்கொரு ரசம் வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று என்னைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஸ்டெல்லா பாய் விரிக்கிறார். எப்போது கிளம்புகிறீர்கள் என்று மட்டும் அந்த வீட்டில் இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.