மேலே காய்ந்த மூட்டை

பத்தாவதோடு நின்றவள் பத்திரிகைக்கு எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

திண்டிவனம் வேர்க்கடலை மண்டியில், எங்கள் பேச்சில் மல்லாட்டை மண்டியில், குத்தூசியை ஏமாற்றியவர் ஒருவருமே கிடையாது. குத்தூசி என்கிற இரும்புக் குழலை மூட்டைக்குள் செருகி, அடியில் கிடக்கும் பருப்பை இழுத்துப் பார்ப்பது அவர் வேலை. பேரும் அதுவே ஆகிவிட்டது. மேலே காய்ந்ததும் கீழே ஈரமுமாக யாராவது கட்டிவந்தால், வண்டியிலிருந்து இறக்கும்போதே மோப்பம் பிடித்துவிடுவார்.

"உன் மூட்டைக்கு ஜலதோஷம்யா. ஊட்டுக்கு இட்டுக்கினு போ."

பருப்பைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பது எங்கள் மண்டி வழக்கம். மற்றவர்கள் குவியலுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றுவார்கள். இவர் வீட்டிலேயே கழற்றிவிட்டு வருவார்.

ஒருநாள், நான் மூட்டை தைக்கிற கோணி ஊசியைக் காணோம். காலையெல்லாம் தேடினேன். டீ நேரத்தில் கிடைத்தது, அவருடைய கால் பெருவிரலுக்கு அடியில் குத்தியபடி.

"அண்ணே, வலிக்கலியா?"

"எரும தோலும்மா இது. நீ வேற ஊசி எடுத்துக்கோ."

இதில் பெருமை வேறு. சர்க்கரை நோய் கால் நரம்பை மரத்துப்போகச் செய்தது ஒரு பெருமையா?

மஞ்சளை அப்பிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினார். புண் ஆறவில்லை. கேட்டால், "சுகர் டெஸ்ட்டுல நான் எப்பவும் பாஸும்மா" என்பார். எப்படிப் பாஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாளும் பட்டினி. ரத்தம் கொடுத்த கையோடு எதிர்க்கடையில் நாலு ஜிலேபி.

ஊசி என்னுடையது ஆயிற்றே. பஸ் ஏற்றி விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினேன். மூன்று மாதச் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும் டெஸ்ட்டை அவர் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் பட்டினி அதனிடம் செல்லுபடியாகவில்லை.

"இவ்ளோ சர்க்கரை இருந்தா புண்ணு எப்படிங்க ஆறும்? காலுக்கு ரத்தமும் சரியா போகல. விரல் கறுத்துப்போச்சு. அதை எடுத்தாத்தான் பாதம் தப்பும்" என்றார் டாக்டர்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் அங்கே வெடித்தேன்.

"ஏண்ணே, மேல காஞ்சது, கீழ ஈரம். இந்த மூட்டைய நீங்க வாங்குவீங்களா?"

குத்தூசி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பி அனுப்பிருவேம்மா."

"நான் அனுப்ப மாட்டேன். போய்ப் படுங்க."

மறுநாள் காலையில் விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. சர்க்கரை போடாத காபி வாங்கிக்கொண்டு போனேன். குடித்தார்.