வாக்குமூலம் அண்ணை பிரித்துப் பார்த்த கிளச்

வன்னி முழுக்கத் தேடினாலும் எங்கள் வாக்குமூலம் அண்ணையைப் போல மோட்டார் சைக்கிளில் அக்கறையில்லாத ஒரு மெக்கானிக்கைக் காண முடியாது. அவருடைய அக்கறையெல்லாம் அதை ஓட்டுகிற ஆளில்தான். மல்லாவிச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவருடைய கராஜ் இருக்கிறது. தாய் தகப்பன் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்குமாக்கும். நான் பார்த்ததில்லை.

நீங்கள் பாட்டுக்குப் பைக்கை விட்டுவிட்டு, "பின்னேரம் வந்து எடுக்கிறன்" என்று போக முடியாது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடக்கும். அதில் நீங்கள் இருக்க வேண்டும். எதிரே கவிழ்த்த வாளியில் அவர் இருப்பார். சுற்றிவரப் போட்ட வாங்குகளில் மற்ற வாடிக்கையாளர்கள் பிளேன்ரீக் கோப்பையோடு இருந்து வேடிக்கை பார்ப்பார்கள். கழற்றிப் போடுவார்; எல்லாவற்றையும் நீங்கள் ஒப்புக்கொள்ளும் வரைக்கும் திரும்பப் பூட்டமாட்டார். ஆஸ்பத்திரியில் கூட ஒரு மறைப்புச் சீலை தொங்கும். இங்கே அந்த மரியாதையும் கிடையாது.

ஒருமுறை ஒரு பள்ளிக்கூட அதிபர் வந்தார். இரண்டாம் கியர் நிற்காமல் நியூட்ரலுக்குத் துள்ளுகிறதாம்.

"சேர், கியர் மாத்தேக்க இடக்கையில என்ன வச்சிருக்கிறனீங்கள்?"

"இதென்ன கேள்வி? கிளச்சைத்தான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

அதிபர் வாங்குகளைப் பார்த்தார். அவற்றில் அவருடைய மாணவர்களின் தகப்பன்மார் மூன்று பேர் இருந்தார்கள்.

"சில நேரம்... போன்."

"ஆரோட கதைக்கிறனீங்கள்?"

"வீட்டில மனிசியோடதான்."

"அப்ப ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

கிளச் பிடிக்காமல் காலால் குத்திக் குத்தி மாற்றியதில் கியரின் பல் மழுங்கிப் போயிருந்தது. அந்த மனிசனுக்குப் புதுப் பல் கிடைத்தது. போன மானம்தான் திரும்பி வரவில்லை.

கிளச் வழுக்குகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு சோதனை இருந்தது. "நாலாம் கியரில போட்டு, முன் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, கிளச்சை மெல்ல விடும். எஞ்சின் செத்தால் கிளச் உயிரோட இருக்கு. எஞ்சின் சாகாட்டி கிளச் செத்துப்போச்சு." இது சுகமான சோதனை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனாலேயே அவருக்கு அது போதாது. ஏற்றத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பார். வன்னியில் மலைக்கு எங்கே போவது? குளக்கட்டுக்குக் கொண்டுபோவார். உங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குளக்கட்டின் ஏற்றத்தில் முறுக்குவார். பாதி ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், பைக் நகராது. மிச்சத்தை நீங்கள் இறங்கித் தள்ள வேண்டும். மேலே போனதும் வியர்வை துடைக்கிற உங்களிடம், "ஓம், கிளச் ஸ்லிப்தான்" என்று ஏதோ உங்களுக்குத் தெரியாத புதினம் மாதிரிச் சொல்லுவார்.

ஒயில் விட மட்டும் போய்வந்த நான், இப்படிப்பட்டவரிடம் கிளச்சுக்காகப் பைக்கைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய காலமும் வந்தது. எட்டு மாதத்தில் இரண்டாவது தடவையாகக் கிளச் பிளேட் தேய்ந்து போயிற்று. காரணம் எனக்குத் தெரியும். காரணத்தின் பெயர் சுபா.

சுபா துணுக்காய்ப் பக்கம் முன்பள்ளியில் படிப்பித்தாள். தினமும் காலமை சைக்கிளில் போவாள். நான் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போவேன். மூன்று கிலோமீற்றர். சைக்கிள் வேகத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓட வேண்டுமென்றால் வழி முழுக்கக் கிளச்சைப் பாதி பிடித்தபடிதான் போக வேண்டும். கதை ருசியில் பிளேட் கருகுகிற மணம் யாருக்குத் தெரிகிறது!

அந்தக் கிழமைதான் அம்மா ஓர் உறவுக்காரர் மூலம் சுபா வீட்டுக்குக் கலியாணப் பேச்சு அனுப்பியிருந்தார். சுபாவின் தகப்பன் செல்லத்துரை ஐயா, "விசாரிச்சுச் சொல்லுறன்" என்றிருந்தார். மகள் ரோட்டில் ஒருத்தனோடு கதைத்துக்கொண்டு போனாள் என்று காதில் விழுந்தால் பேச்சு அன்றைக்கே முடிந்துவிடும். ஆள் அப்படி.

நான் கதிரையில் இருந்தேன். அண்ணை கிளச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பழைய பைக்கில் வந்து இறங்கினார், செல்லத்துரை ஐயா. "மூண்டாம் கியர் நிக்குதில்லை" என்றபடி வாங்கில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அண்ணை கருகிய பிளேட்டை மணந்து பார்த்தார்.

"தம்பி, என்ன வேகத்தில ஓடுறனீர்?"

"நாப்பது... ஐம்பது."

"பொய். இது சைக்கிள் வேகத்தில ஓடின பிளேட். காலமையிலயோ, பின்னேரமோ?"

"காலமை."

"தனியவோ?"

செல்லத்துரை ஐயா பிளேன்ரீயைக் கீழே வைத்தார். நான் அந்தக் கோப்பையைப் பார்த்தேன். என் கண் போன பக்கம் அண்ணையின் கண்ணும் போயிற்று. ஐயாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிளேட்டை இன்னொருமுறை மணந்தார்.

"கார் ஒயில் விட்டிருக்கிறீர், என்ன? கார் ஒயில் விட்டால் பிளேட் வழுக்காமல் என்ன செய்யும்? மூளை இல்லையோ உமக்கு?"

நான் விட்டது நல்ல மோட்டார் சைக்கிள் ஒயில். அதே கராஜில், அவர் கையால் விட்டது. "ஓம் அண்ணை, பிழைதான்" என்றேன். அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் ஏச்சு வாங்கியதில்லை.

ஒயில் வாங்கிவர என்னைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார். கராஜுக்கும் கடைக்கும் இடையில் ஒரு தகரம்தான். ஐயாவின் பைக்கை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அண்ணை சொன்னது வடிவாகக் கேட்டது.

"ஐயா, உங்கட கியருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வந்த விசயத்தைச் சொல்லுங்கோ."

ஐயா செருமினார்.

"இந்தப் பொடியனை என்ர பிள்ளைக்குக் கேட்டிருக்கினம். ஊரில ஆரைக் கேட்டாலும் நல்ல பிள்ளை எண்டுதான் சொல்லுவினம். நீர்தான் உள்ளதைச் சொல்லுவீர். ஆள் எப்பிடி?"

கையில் ஒயில் போத்தலோடு கடைவாசலில் நான் மூச்சு விடாமல் நின்றேன்.

"ஒயில் விடத் தெரியாது ஐயா. மற்றபடி நல்ல பொடியன். வேகமா ஓடமாட்டார். பக்கத்தில ஆரும் வந்தால் அவையை விட்டிட்டுப் போகமாட்டார்."

ஐயா பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை அவர் வீட்டிலிருந்து 'ஓம்' என்று தகவல் வந்தது.

இப்போது சுபாவிடம் ஸ்கூட்டி இருக்கிறது; என்னைவிட வேகமாக ஓடுகிறாள். அண்ணையின் வாயும் அப்படியே. போன கிழமையும் ஒன்பது பேருக்கு முன்னால் வைத்து என்னை நாறடித்தார். வீட்டுக்கு வந்து சுபாவிடம் அவரைத் திட்டித் தீர்த்தேன். அவள் எங்கள் மூத்தவளின் பிறந்தநாள் கேக்கில் பெரிய துண்டாக ஒன்று வெட்டி, அண்ணைக்கென்று சுற்றித் தந்தாள். நான் அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.