பொய்மீன்களுக்கு ஒரு தங்குமிடம்

அரசாங்கம் என்று ஒன்று இருந்தால் அதில் சாக்குக்கும் ஒரு வாரியம் இருந்துதான் ஆக வேண்டும். ஹவுராப் பக்கம், பெரிய குளம் ஒன்றின் கரையில் அப்படி ஒரு வாரியம் இருந்தது. எந்தச் சாக்கில் எதைப் போடலாம், எவ்வளவு போடலாம், போட்டதை எப்படி வெளியே எடுக்கலாம் என்றெல்லாம் ஆராய்ந்து நாட்டுக்கு அறிவிப்பது அதன் தலையாய கடமை. டாக்குரியாவில் மூன்றாவது மாடியில் குடியிருந்த பாகீரதியின் கணவர் ஏழுமலை அந்த வாரியத்தில் துணைக் கண்காணிப்பாளர். எதைக் கண்காணிக்கிறார் என்று பாகீரதி கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

வாரியத்துக்குப் புதிதாக வந்த ஜி.எம். ஏதோ கருத்தரங்குக்காக வெளிநாடு போனார். அங்கே ஓர் ஏரியில் ஒருவர் மரத்தால் செய்த பொய்மீனை வீசி நிஜ மீனைப் பிடிப்பதைப் பார்த்தார். பார்த்தது பார்த்ததோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதுவரை வாரிய ஊழியர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாவுருண்டையைத் தூண்டிலில் குத்திக் குளத்தில் போட்டு, கிடைத்த ரூயி மீனையோ காத்லாவையோ வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இது மிகவும் பின்தங்கிய முறை என்பது ஒரே நாளில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மனமகிழ் மன்றத்தின் செலவில் நாற்பது பொய்மீன்கள் வரவழைக்கப்பட்டன. 'லூர்' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். வயிற்றில் ஒரு மும்முனைக் கொக்கி, வாலில் ஒரு மும்முனைக் கொக்கி. உருட்டி விழிக்கும் கண்.

குளத்தில் இருந்தவையோ பாசியும் மாவும் தின்று வளர்ந்த சாதுவான மீன்கள். ஊதாவும் ஆரஞ்சுமாக ஒரு ராட்சசன் ஆடி ஆடி வருவதைக் கண்டதும் அவை குடும்பத்தோடு எதிர்க்கரைக்குப் போய்விட்டன. இந்தக் குளத்து மீன் பொய்மீனைத் தின்னாது என்று ஜி.எம்.மிடம் யாரும் சொல்லவில்லை. 'மீன்கள் இன்னும் போதிய பயிற்சி பெறவில்லை' என்று கோப்பில் குறிப்பு எழுதி வைத்தார்கள்.

பிடிப்பது அப்புறம். நாற்பதையும் எதில் வைப்பது? சாக்கு வாரியம் அல்லவா, சாக்கில் வைத்தார்கள். மறுநாள் ஜி.எம். வந்து ஒரு பொய்மீனின் வாலைப் பிடித்துத் தூக்கினார். நாற்பதும் வந்தன. கூடவே சாக்கு வந்தது. சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பியூனின் ஸ்வெட்டரும் வந்தது. குளிர்காலமாதலால் பியூன் உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தார். வாரியத்தின் மானம் தப்பியது.

அன்று சாயங்காலமே 'பெரிய அளவிலான செயற்கை இரைகளின் சிக்கனச் சேமிப்பு மற்றும் ஒழுங்கமைப்புக்கான துணைக்குழு' அமைக்கப்பட்டது. ஏழுமலை அமைப்பாளர். அவருக்கு மீன்பிடிக்கத் தெரியாது, ஆகவே நடுநிலையாளர். தமிழர், ஆகவே ஒழுங்கானவர். குழு முடிவெடுக்கும்வரை பொய்மீன்கள் அமைப்பாளரின் பாதுகாப்பில் இருக்கும் என்று உத்தரவாயிற்று.

அமைப்பாளரின் பாதுகாப்பு என்றால் பாகீரதியின் சாப்பாட்டு மேசை.

"என்னங்க இது, கருவாட்டுக் கடையா?"

"வாரியச் சொத்து. தொடாதே, கொக்கி குத்தும்."

"வாரியச் சொத்துக்கு என் மேசைதான் கிடைச்சுதா?"

"தற்காலிகம்தான். குழு முடிவெடுத்ததும் போயிடும்."

"குழுவுல யார் யாரு?"

"நானும் கோஷால் பாபுவும்."

"ரெண்டு பேர் பேசி முடிவெடுக்க எத்தனை நாளாகும்?"

"ரெண்டு பேரா இருக்கிறதுதான் சிக்கலே. மூணு பேர் இருந்தா மெஜாரிட்டி வந்துடும். இதுல ஒருத்தர் சரின்னா இன்னொருத்தர் யோசிக்கணும்."

பாகீரதி கரக்பூர் கான்வென்டில் படித்தவள். ஊசிப் பெட்டியில் நூல்கண்டு இடம் மாறியிருந்தால் முட்டிக்குமேல் ஸ்கேலால் அடி விழுகிற பள்ளிக்கூடம் அது. அந்த வளர்ப்புக்கு இந்த மேசையைப் பார்க்கவே முடியவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். போகட்டும், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளோடு படித்த ஐந்து பேர் விருந்துக்கு வருகிறார்கள். போன தடவை கரியாஹாட்டில் அவர்களில் ஒருத்தியான ரஞ்சனா வீட்டில் விருந்து. துவரம்பருப்புக்குக்கூட ஆங்கிலத்தில் பேர் ஒட்டிக் கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தாள் ரஞ்சனா. மற்ற நாலு பேரும் துவரம்பருப்பை முதல்முதலாகப் பார்க்கிறவர்கள் மாதிரி வாய் பிளந்து நின்றார்கள். அதற்குப் பதில் சொல்ல பாகீரதியிடம் இருந்தது ஒன்றே ஒன்று. எட்டுப் பேர் உட்காரும் அந்தத் தேக்கு மேசை.

திங்கட்கிழமை குழு கூடவில்லை. செவ்வாய்க்கிழமை கூடி, புதன்கிழமை கூடுவதென்று முடிவு செய்தது. புதன்கிழமை பாகீரதிக்குப் பொறுமை போய்விட்டது. பையை எடுத்துக்கொண்டு கரியாஹாட் நடைபாதைக்குப் போனாள்.

அங்கே கதவுக்குப் பின்னால் தொங்கவிடும் செருப்புப் பைகள் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் அறைகள், ஒரு பைக்கு இருபது. கடைக்காரர் முந்நூறு என்றார். பாகீரதி சிரித்தாள். இருநூற்றைம்பது என்றார். பாகீரதி நடந்தாள். "தீதி, ஓ தீதி!" என்று பின்னாலேயே வந்து இருநூறுக்கு ஒன்று வீதம் இரண்டைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பழைய ஹவாய் செருப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, கொக்கிக்கு ஒரு துண்டாகக் குத்தினாள். ஈரம் வடிய வேண்டுமே என்று ஒவ்வோர் அறையின் அடியிலும் சூடான ஊசியால் ஓட்டை போட்டாள். வால் மேலே, தலை கீழே. நாற்பதும் அறைக்கொன்றாகக் குடியேறின. பால்கனிக் கதவுக்குப் பின்னால் இரண்டு பைகளும் சமர்த்தாகத் தொங்கின. எது எங்கே என்று எழுதி ஒட்டக்கூட வேண்டாம், கண்ணிருந்தால் போதும். மேசை துடைத்துவிட்டது போல் இருந்தது. துடைக்கவும் துடைத்தாள்.

வியாழக்கிழமை கோஷால் பாபு நேரில் பார்வையிட வந்தார். அவர் பேசியது பாதி வங்காளம், பாதி ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அபூர்வம், பௌதி! அற்புதம்! ஒரு அண்ணியாலதான் இப்படி யோசிக்க முடியும். என்ன செலவாச்சு?"

"ரெண்டு பை நானூறு ரூபா. ரப்பர் எங்க வீட்டுப் பழைய செருப்பு."

கோஷால் பாபுவின் முகம் தொங்கிவிட்டது. கடித்த சந்தேஷ் இனிப்பைத் தட்டில் திரும்ப வைத்தார். வங்காளி ஒருவர் சந்தேஷைப் பாதியில் வைத்தால் விஷயம் சாதாரணமல்ல.

"நானூறா? அப்போ அனுமதிக்க முடியாதே."

"ஏன், அதிகமா?"

"கம்மி. ஐயாயிரத்துக்கு மேலதான் குழுவுக்கு அதிகாரம். அதுக்குக் கீழே சில்லறைச் செலவு. சில்லறைச் செலவுல டீயும் பிஸ்கட்டும் மட்டும்தான் வாங்கலாம்."

"அப்போ டீ, பிஸ்கட்டுன்னு எழுதிக்கோங்க."

"டீயில லூரை எப்படி பௌதி அடுக்கறது?" என்று கோஷால் பாபு உண்மையான கவலையோடு கேட்டார்.

"சரி விடுங்க. நான் இனாமாத் தர்றேன்."

"இனாம்னா இன்னும் கஷ்டம். எதுக்காகக் கொடுக்கறீங்கன்னு விசாரிக்கணும்."

"எதுக்காகவா? எனக்கு என் மேசை வேணும்!"

"பாத்தீங்களா? உள்நோக்கம் இருக்கு."

பாகீரதி கணவரைப் பார்த்தாள். கணவர் மின்விசிறியைப் பார்த்தார். டிசம்பர் மாதமாதலால் அது சுற்றவில்லை, இருந்தாலும் பார்த்தார்.

"உங்க குழு பேர்லயே சிக்கனம்னு இருக்கே, தாதா?" என்று அவளும் அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"சிக்கனம்னா ஒதுக்கின தொகைக்குள்ள முடிக்கறது. ஒதுக்கினது எண்பதாயிரம். நானூறுல முடிச்சா, மிச்சம் எங்கேன்னு கேள்வி வரும்."

"மிச்சம் அங்கேயேதானே இருக்கும்?"

"அதுதான் பெரிய குத்தம். அடுத்த வருஷம் ஒதுக்க மாட்டாங்க." கோஷால் பாபு குரலைத் தாழ்த்தினார். "அதோட இது செருப்புப் பை. ஜி.எம். வீசற லூரைச் செருப்புப் பையில வைக்கறதா?"

"இதுல இதுவரைக்கும் ஒரு செருப்புகூட வைக்கலை."

"வைக்கலை, ஒத்துக்கறேன். ஆனா வைக்க முடியும் இல்லையா?"

முடிவு தெரியும்வரை நிலைமை பழையபடி இருக்க வேண்டும் என்று விதி. குழுவின் இரண்டு உறுப்பினர்களும் சேர்ந்து, நாற்பது பொய்மீன்களையும் பையிலிருந்து எடுத்து, ரப்பரைக் கழற்றி, மேசைமேல் பழையபடி பரப்பினார்கள். எது எது எதோடு சிக்கியிருந்தது என்று ஏழுமலைக்கு நினைவில்லாததால் அதை மட்டும் உத்தேசமாகச் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். பாகீரதி பல்லைக் கடித்துக்கொண்டு ரஞ்சனாவுக்குப் போன் செய்தாள். ரஞ்சனா இப்போது பிறர் வீட்டு அலமாரியை அடுக்கிக் கொடுத்துக் காசு வாங்குகிறாள். விசிட்டிங் கார்டில் 'ஸ்பேஸ் தெரபிஸ்ட்' என்று போட்டிருக்கும். இடத்துக்கு வைத்தியம் பார்ப்பவள்.

ரஞ்சனா வந்தாள். கதவுக்குப் பின்னால் காலியாகத் தொங்கிய பைகளைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாகி, இது செருப்புப் பையே இல்லை."

"பின்னே?"

"வெர்ட்டிகல் லூர் லைப்ரரி."

"அடியே, நடைபாதையில வாங்கினதுடி. நானூறு ரூபா!"

"பை நானூறுதான். மிச்சமெல்லாம் அதைப் பாக்கற பார்வைக்கு."

கைப்பையில் இருந்த லேபிள் மெஷினை எடுத்தாள். ஒவ்வோர் அறையிலும் எண் ஒட்டினாள். கீழே தன் பெயரை ஒட்டினாள். எழுபத்தொன்பதாயிரத்துக்கு ஒரு மதிப்பீட்டை வழவழப்பான தாளில் அச்சடித்துக் கோஷால் பாபுவுக்கு அனுப்பினாள். அரை மணியில் பதில் வந்துவிட்டது. 'ஒதுக்கீட்டில் ஆயிரம் ரூபாய் மீதம். துணைக்குழுவின் சிக்கன நோக்கம் முழுமையாக நிறைவேறியது. வாழ்த்துகள்.'

"கையோட உன் நானூறை வாங்கிக்கோ, பாகி. நான் யார் காசையும் வெச்சுக்க மாட்டேன்" என்றாள் ரஞ்சனா.

ஊசி காய்ச்சி ஓட்டை போட்டது யார் என்று கேட்க பாகீரதியின் நாக்கு துடித்தது. மேசையை நினைத்து அதை அடக்கினாள். அவள் நாக்கு அடங்கியது கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை ஆளை வைத்து மேசைக்குப் பாலீஷ் போட்டாயிற்று. பொய்மீன்கள் அதற்கு முன்பே லைப்ரரியோடு வண்டியேறிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் நடக்கும் லைப்ரரித் திறப்புவிழாவுக்கு ஆணி அடிக்க வேண்டுமென்று ஏழுமலையும் ஆபீசுக்குப் போய்விட்டார். தோழிகள் ஐந்து பேரும் வந்தார்கள். ரஞ்சனா மேசையின் நடுவே சன்னமாக ஒரு துணியை ஓடவிட்டு, பித்தளைக் கிண்ணத்தில் நாலு பூவை மிதக்கவிட்டு, "இப்பதான் இந்த மேசை மூச்சு விடுது" என்றாள். எல்லோரும் அது மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். கான்வென்ட் குரூப்பில் அந்தப் படத்துக்கு வந்த இதயங்கள் ரஞ்சனாவின் துவரம்பருப்புக்கு வந்ததைவிட அதிகம்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஏழுமலை பொலிவிழந்த முகத்தோடு வீடு திரும்பினார்.

"என்னாச்சுங்க? ரிப்பன் வெட்டினாரா உங்க ஜி.எம்.?"

"வெட்டினார். ரொம்ப சந்தோஷப்பட்டார். 'என்ன ஒழுங்கு, என்ன அழகு'ன்னார். ஏழாம் நம்பர் லூரை எடுத்துக் குளத்துல வீசிப் பாக்கலாம்னு கையை நீட்டினார். கோஷால் பாபு பதறிட்டார்."

"ஏன்?"

"'சார், எடுத்தா ஏழாம் நம்பர் காலியாயிடுமே! வரிசை கெட்டுடுமே!'ன்னார். ஜி.எம். அப்படியே நின்னுட்டார். அப்புறம் கையை எடுத்துட்டு, 'யூ ஆர் ரைட்'ன்னார். மத்தியானமே சர்க்குலர் வந்துடுச்சு. லூர்களை யாரும் வெளியே எடுக்கக்கூடாது. மீன்பிடிக்க விரும்பற உறுப்பினர்கள் மூணு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் லூர்களைப் பார்வையிடலாம்."

பாகீரதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"மீன் பிடிக்க வாங்கினதை, மீன் பிடிச்சா அழகு கெட்டுடும்னு பூட்டி வைக்கறீங்களா? உங்க வாரியத்துல மூளை வளர்ந்த ஆளு ஒருத்தர்கூடக் கிடையாதா? உங்களையெல்லாம் அதே சாக்குல போட்டுக் கட்டணும்!"

"சரி, பசிக்குது, போடு" என்றார் ஏழுமலை. சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு ஆசையோடு நாற்காலியை இழுத்தார்.

"ஐயையோ, அங்கே வைக்காதீங்க!"

ஏழுமலை தட்டோடு அப்படியே நின்றார்.

"பாலீஷ் போட்டிருக்கு, தெரியலையா? சூடு பட்டா வட்டம் விழுந்துடும். அந்தத் துணி வேற வெள்ளை. சோபாவுல உக்காந்து, மடியில வெச்சுச் சாப்பிடுங்க."

ஏழுமலை சோபாவில் உட்கார்ந்தார். மடியில் தட்டை வைத்து, ரசத்தைச் சாதத்துக்கு நடுவில் குழி பறித்து ஊற்றி, அது ஓடாமல் விரலால் அணை கட்டினார். அப்புறம்தான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஆமா, நேத்து உன் ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேரும் எங்கே உக்காந்து சாப்பிட்டாங்க?"

"உக்காரறதாவது! அவங்கெல்லாம் படிச்சவங்க, உங்களை மாதிரியா?" என்றாள் பாகீரதி, மேசைமேல் இல்லாத ஒரு தூசியைப் புடவைத் தலைப்பால் தட்டிவிட்டபடி. "நான் சொல்றதுக்கு முன்னாடி அவங்களே தட்டைக் கையில எடுத்துக்கிட்டு, மேசையைச் சுத்தி நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்க."