காரமடையில் போலீஸ்காரர் கழுத்தில் மாலை விழுந்த விவரம்

வடவள்ளி, கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி வேலுமணிக்கு அக்கா நாச்சியம்மாள் எழுதுவது. நானும் உன் மச்சானும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். உடுமலையில் நீயும் உன் வீட்டாரும் நலமென்றும், தென்னையைப் பிடித்த வெள்ளை ஈ இந்நேரம் விட்டுப் போயிருக்கும் என்றும் நம்புகிறேன். போன் இருக்கும்போது அக்கா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், உன் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவார். காகிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது.

தன் கண்ணில் புரை எடுத்தபிறகு, இனிமேல் ஓட்ட ஆளில்லை, காரை விற்றுவிடலாம், யாராவது இருந்தால் பார் என்று மச்சான் உன்னிடம் சொன்னதும், நீ ஒருவரைப் பேசி வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். ஓட்ட ஆளில்லை என்று அவர் போனில் சொன்னபோது, லைசன்ஸ் எடுத்து இரண்டு வருஷமாகிவிட்ட நான் அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டு எதிரில்தான் நின்றேன். சரி, அதை விடு, வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேள்.

மச்சானின் தங்கை பழனியாத்தாள் மகள் கனிஷ்காவுக்கு அன்று மேட்டுப்பாளையத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளை பெண் மாலையைக் கோயம்புத்தூர்ப் பூ மார்க்கெட்டில் வாங்கினால்தான் பார்வையாக இருக்கும் என்று பழனியாத்தாள் அந்தப் பொறுப்பை எங்களிடம் விட்டிருந்தாள். வரச் சொல்லியிருந்த டிரைவர் மத்தியானம் போன் போட்டு, பல்வலி, வர முடியாது என்றார். மச்சான் வாசலுக்கும் ஹாலுக்குமாக நடக்க ஆரம்பித்தார். நான் பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் அவரும் இடப்பக்கம் ஏறினார். ஏறியவர் சும்மா இருந்தாரா, துடியலூர் தாண்டும்வரை அவர் காலுக்குக் கீழே ஒரு பிரேக் இருப்பதுபோல மிதித்துக்கொண்டே வந்தார். "மொள்ளப் போ நாச்சி, லாரி வருது, பஸ் வருது, ஆடு வருது" என்று வருவதையெல்லாம் எனக்குச் சொன்னார், எனக்கு என்னவோ கண் தெரியாததுபோல.

பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டேன். அதன்பிறகுதான் அதிசயம். எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் என்னைப் பார்த்து விளக்கைச் சிமிட்டிவிட்டுப் போனார்கள். காய் ஏற்றிய லாரிக்காரர் சிமிட்டினார், பஸ் டிரைவர் சிமிட்டினார். வயதான பெண்பிள்ளை கார் ஓட்டுகிறாளே என்று மரியாதை செய்கிறார்கள் போலிருக்கிறது என்று எனக்குப் பூரிப்பாகிவிட்டது. நானும் ஒவ்வொருவருக்கும் பதிலுக்குச் சிமிட்டினேன். "ஏனுங்க, சனங்க எவ்வளவு தங்கமா இருக்கறாங்க பாருங்க" என்றேன். உன் மச்சானும், "ஆளு யாருன்னு தெரியல, நம்ம ஊருக்காரங்களா இருக்கும்" என்று ஒரு டெம்போவுக்குக் கை காட்டினார்.

காரமடை போய்ச் சேருவதற்குள் ரோட்டில் தடுப்பு வைத்து நின்ற போலீஸ்காரர் ஒருவர் டார்ச்சை ஆட்டினார். பதறாமல் இண்டிகேட்டரைத் தட்டினேன். வைப்பர் ஓடியது. வைப்பர் ஓட ஓட அழகாக ஓரங்கட்டி நிறுத்தினேன். அவர் இடப்பக்கம் வந்து, கண்ணாடி வழியாக உன் மச்சானிடம், "ஏனுங்க, வலதுபக்க லைட்டு எரியலீங்க. தூரத்துல இருந்து டூவீலருன்னு நெனச்சோம், பக்கத்துல வந்தா காரு. லைசன்ஸ் எடுங்க" என்றார். மச்சான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி வாயடைத்து நான் பார்த்ததில்லை. போலீஸ்காரர் ஸ்டீயரிங்கைத் தேடி உள்ளே டார்ச் அடித்தார், வெளிச்சம் என் மேல் விழுந்தது. "அம்மணிங்களா ஓட்டறது" என்றார். "நானேதானுங்க, இதா எடுக்கறேன்" என்றேன். தம்பி, லைசன்ஸ் வாங்கினதிலிருந்து இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்தேன் என்பது உனக்குத் தெரியாது.

கேட்டவுடன் கொடுக்க லைசன்ஸ் கையில் இல்லை. அது பர்ஸில் இருந்தது, பர்ஸ் மொய்ப் பையில் இருந்தது, மொய்ப் பை பின் சீட்டில் மாலைகளுக்கு அடியில் இருந்தது. இறங்கிப்போய், நசுங்கிவிடக் கூடாதே என்று மல்லிகைச் சரத்தையெல்லாம் எடுத்து ஓரமாக நின்ற போலீஸ் ஜீப்பின் பானெட் மேல் பரப்பினேன். ரோஜா மாலை இரண்டையும் அந்தப் போலீஸ்காரர் கையில் கொடுத்தேன். அழகிரிசாமி என்று சட்டையில் பேர் போட்டிருந்தது. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தடி, பாவம், மனுஷன் என்ன செய்வார். ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டார். இன்னொன்று கீழே நழுவப் பார்த்தது, தலை வழியாக மாட்டிக்கொண்டார். மொபெட்டில் வந்த ஒருவர் நிறுத்தி, "ரிடையர்டாயிட்டீங்களாண்ணா" என்று கேட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அப்போது பார்த்து ஜீப்புக்குள்ளிருந்து எஸ்.ஐ. இறங்கினாள். பிந்து என்று பேர், உன் மகன் கவினுக்கு அக்காள் வயதுதான் இருக்கும். பூப்போட்ட ஜீப்பைப் பார்த்தாள், மாலையோடு நின்றவரைப் பார்த்தாள். "என்னங்க அழகிரிசாமி இது" என்றாள். "லைட்டு கேஸுங்க மேடம்" என்றார் அவர்.

லைசன்ஸ் கிடைத்துவிட்டது. இதற்குள் உன் மச்சானுக்குப் பேச்சு வந்துவிட்டது. "கனெக்சன் லூசுங்க, வேற ஒண்ணுமில்ல. பம்பு கம்பெனியில எத்தனை மோட்டார் பாத்திருக்கறேன்" என்று சொல்லி முன்பக்கம் போய் ஒரு தட்டுத் தட்டினார். பளிச்சென்று எரிந்தது. என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே கையை எடுத்தார், அணைந்தது. மறுபடி கையை வைத்தார், எரிந்தது. எடுத்தார், அணைந்தது. எஸ்.ஐ. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேட்டுப்பாளையம் வரைக்கும் இப்படியே புடிச்சுட்டு வருவீங்களாங்க ஐயா" என்று கேட்டாள். பிறகு என்னிடம், "அபராதம் போட்டாகணும்மா. வண்டி யார் பேர்ல இருக்குதோ அவங்க போனுக்கு மெசேஜ் வந்துரும்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "அது எப்படிங்க, அவிங்க சும்மா உக்காந்துட்டு வந்தாங்க. ஓட்டுனது நானு, தப்பும் என்னுது. என்ற பேரையும் எழுதுங்க" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "எழுத வேண்டாம்னுதாம்மா எல்லாரும் கேப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே என் லைசன்ஸைப் பார்த்து மெஷினில் ஏற்றிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து பழனியாத்தாள் போன். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் ஏறிவிட்டார்களாம், மாலை எங்கே என்று சம்பந்தி வேங்கடசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். "அண்ணி, எங்க இருக்கறீங்க" என்று அழுகிற குரலில் கேட்டாள். போலீஸ்காரர் கழுத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன். ஒற்றை விளக்கோடு போகக் கூடாது, பக்கத்து மெக்கானிக் கடையோ பூட்டிக் கிடக்கிறது. எஸ்.ஐ. என் முகத்தைப் பார்த்தாள். "நாங்களும் அங்கதாம்மா போறோம். ஜீப்பு வெளிச்சத்துல பின்னாடியே வாங்க, மொள்ள வாங்க" என்றாள். பூவையெல்லாம் மறுபடி கழற்றி அடுக்க நேரமில்லை. அப்படியே புறப்பட்டோம்.

வேலுமணி, மண்டபத்து வாசலில் நாங்கள் போய் இறங்கிய காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். முன்னால் மல்லிகை சாத்திய போலீஸ் ஜீப், பின்னால் ஒற்றைக் கண்ணோடு நம் கார். யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்துச் சம்பந்தி செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடி வந்தார். மாலைகளோடு உள்ளே போன அழகிரிசாமியை போட்டோக்காரர் விடவில்லை, மேடையில் ஏற்றி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தி மூன்று நான்கு படம் எடுத்தபிறகுதான் அவர் கழுத்திலிருந்து மாலை இறங்கியது. எஸ்.ஐ. சாப்பிட மாட்டேன் என்றாள், பழனியாத்தாள் விட்டால்தானே. இலையில் உட்கார்ந்தபடி அந்தப் பெண் எல்லாரிடமும், "இந்தம்மா நல்லா ஓட்டறாங்க, லைட்டுத்தான் சரியில்ல" என்று சொன்னாள். அதை நான் மட்டும் கேட்கவில்லை, பக்கத்து இலையில் மச்சானும் கேட்டார்.

மண்டபத்து எலக்ட்ரீசியன் ஏதோ ஒயரைச் சுற்றி விளக்கை எரிய வைத்துக் கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை உன் மச்சான் அந்த இல்லாத பிரேக்கை மிதிக்கவில்லை. கேட்டுக்கு முன்னால் இறங்கும்போதுதான், "உன்ற தம்பிகிட்டச் சொல்லிப்போடு, வண்டி குடுக்கறதில்லைன்னு" என்றார். கேட்டைத் திறக்கச் சொல்லி ஹாரன் அடித்தேன்.

ஆகவே தம்பி, நீ பேசி வைத்தவரிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடு. இந்தக் கார் என் கையை விட்டுப் போகாது. உன் தோப்பில் காய் நிறைய வேண்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று காரமடை அரங்கநாதரை நினைத்துக்கொண்டு முடிக்கிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு, உன் மேல் பிரியமுள்ள அக்கா,
நாச்சியம்மாள்

பி.கு.: இன்று திங்கட்கிழமை. கடிதத்தைப் பெட்டியில் போடக் காரிலேயே போனோம். போகிற வழியில் ஒரு கார் கடை. சும்மா பார்க்கலாமே என்று உன் மச்சான்தான் நிறுத்தச் சொன்னார். அங்கே நின்ற புதுக் காரில் இருட்டினால் விளக்குத் தானாக எரிகிறதாம், கெட்டுப்போனால் முன்கூட்டியே சொல்கிறதாம். அவர் இடப்பக்கம் ஏறி பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். கடைக்காரர், "சார், டிரைவர் சீட்ல உக்காந்து பாருங்க" என்றார். "ஓட்டறது அவிங்க, அவிங்களக் கேளுங்க" என்றார் மச்சான். கேட்டார்கள், நானும் சரி என்று சொல்லிப்போட்டேன். அதனால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு பழைய காருக்கு நீ பேசி வைத்த ஆளை உடனே கூட்டிக்கொண்டு வா. பகலில் கூட்டிக்கொண்டு வா.