அந்தோனிமணியமும் மிசினண்ணையும்

“அறுபத்தைந்து, எழுபத்தெட்டு, எண்பத்துநாலு...” மிசினண்ணை கொம்பியூட்டர் திரையில் வந்த எண்களைத் தேவாரம் போல ஓதிக்கொண்டிருந்தார். நாலாவது எண் வருவதற்குள், அவரிடம் புரோகிராம் பழகிக்கொண்டிருந்த எனக்கு யோசனை வந்துவிட்டது: இந்தச் சனியனை எழுத்தாகவே காட்டச் சொன்னால் என்ன?

மனிதரை எண்ணாகப் பார்க்கக்கூடிய ஒரே பிறவி, எங்கள் ஊர் கரம்பொனில் மட்டுமல்ல, இந்தக் கடல் சூழ்ந்த உலகத்திலேயே மிசினண்ணைதான். கப்பலில் வேலைக்குப் போனவர்கள் சென்ட் போத்தலோடு திரும்பினார்கள். இவர் ஒரு குட்டிக் கொம்பியூட்டரோடு திரும்பினார். அதற்குத் திரை இல்லை. வாசிகசாலைத் தொலைக்காட்சியை இரவல் வாங்கினார். அதனால் படம் பார்க்க ஏலாமல் போன ஊர், அவர் முகத்தைக் கண்டால் முறைத்தது.

வாசிகசாலைத் தலைவர் கடைசியாக ஒரு தவணை சொன்னார்: திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றும் வள்ளங்களின் முறைப்பட்டியலைக் கொம்பியூட்டர் வெள்ளிக்கிழமைக்குள் பிழையில்லாமல் காட்டவேண்டும். இல்லையென்றால் தொலைக்காட்சி வாசிகசாலைக்கு, கொம்பியூட்டர் அலுமாரிக்கு.

புதன்கிழமை பட்டியல் வந்தது, வரிக்கு ஒரு வள்ளக்காரரின் பெயராக. முதல் வரியில், ஆங்கில எழுத்தில், ‘அந்தோனிமணியம்’. இரண்டாம் வரியில் ‘மணியம்’. அந்தோனியாரும் மணியத்தாரும் வள்ளம் கட்டும் இடத்துக்குச் சண்டை பிடித்து, இரண்டு மாதமாக முகம் பார்ப்பதில்லை.

“பக்கத்திலயும் அவன், கீழயும் அவன்!” என்று அந்தோனியார் குதித்தார். “நான் என்ன, அவனைக் கலியாணமே கட்டினனான்?”

“என்ர பேரை ஏன் காணும் அவன்ர வாலில கட்டினனீர்?” என்றார் மணியத்தார்.

இரண்டு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம், மிசினண்ணையை ஏசுவது.

அவரோ பிழை தேடும் தன் புரோகிராமைத் திறந்தார். கொம்பியூட்டருக்குள் எழுத்துக்கு எழுத்து ஓர் எண். அதுவும் வரிக்கு ஓர் எண்ணாக, எறும்பு ஊர்வலம் போல வந்தது.

“நாலு தரம் பாத்தனான் பிள்ளை. எல்லா எண்ணும் சரி.”

“அண்ணை, எழுத்தாக் காட்டச் சொல்லுவமே?”

“எண்தான் உண்மை. எழுத்து, பூசின பவுடர். பவுடரைப் பாத்து ஆரும் நோய் வருத்தம் கண்டுபிடிக்கேலுமோ?”

வெள்ளி மத்தியானம் அவர் சோறு தின்னப் போன நேரத்தில், புரோகிராமில் நாலு வரி மாற்றினேன்: எண்களை எழுத்தாக ஒரே வரியில் காட்டு, பூச்சியம் வந்தால் புள்ளி போடு. பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு புள்ளி. அந்தோனியாருக்கு மட்டும் இல்லை.

ஒரு பெயருக்கு ஏழு அறைதான் ஒதுக்கியிருந்தார். மணியத்துக்கு அவர் போட்டது ஆறே ஆங்கில எழுத்து, அந்தோனிக்கு ஏழு. ‘பெயர் முடிந்தது’ என்று சொல்லும் பூச்சியத்துக்கு இடமில்லை. நிற்கத் தெரியாத கொம்பியூட்டர், நேரே மணியத்தார் வளவுக்குள் புகுந்துவிட்டது.

கையலம்பிவிட்டு வந்தவர், திரையில் இருந்த புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“இருக்கிற எண் எல்லாம் சரி அண்ணை. இல்லாததைத்தான் நீங்கள் பாக்கேல்லை.”

“ஓம்” என்று ஒத்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிகச் சிறிய சொல் அது. எட்டாவது அறை ஒதுக்கினார். மாலையில் பட்டியல் ஒழுங்காக வந்தது. தலைவர் மூன்று தரம் வாசித்துவிட்டு, தொலைக்காட்சியை இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கச் சொன்னார்.

அந்த ஒரு மாதத்துக்குள் கொம்பியூட்டருக்குத் தமிழ் பழக்கவேண்டும். ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம். அதற்குள் புள்ளி புள்ளியாக வரையப்போகிறோம். ‘ஞ’ இப்போதே முரண்டு பிடிக்கிறது. மிசினண்ணை ஊர்காவற்றுறைக்குச் சைக்கிள் மிதித்து, சதுரக் கோடு போட்ட கொப்பி இரண்டு வாங்கி வந்தார். என்னுடைய கொப்பியின் அட்டையில் ‘கோமதி’ என்று என் பெயரைக் குண்டுகுண்டாக எழுதியிருந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண் ஒன்றையும் காணவில்லை.